வெப்பக் கவசமும் ஜெயசீலி மேடமும்

செவ்வாய்க்கிழமை காலை, செய்து முடித்த கவசத் தட்டை ஓவனிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். கைபேசி அடித்தது. ஜெயசீலி மேடத்தின் கணவர். "ஜெயா போயிட்டா சார். காபி போட எழுந்தா, நெஞ்சு வலிக்குதுன்னா. அவ்வளவுதான்." நான் ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தேன். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதன் முகப்பு நெருப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தாங்க, கார்பன் துணியை ரெசின் என்ற பிசினில் நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டி, ஓவனில் இறுக்கித் தட்டு செய்வோம். மேற்புறம் கருகி, பின்னால் இருப்பதைக் காப்பாற்றும். மேடம் இதை இன்னும் எளிதாகச் சொல்வார். "முன்னாடி எப்படி வேணா எரியட்டும். பின்னாடி வச்ச என் தயிர்சாதம் சூடாகக் கூடாது." ஒருமுறை விருந்தினர்கள் முன்னால் டிபன் பாக்ஸை உண்மையிலேயே வைத்துக் காட்டினார். தயிர்சாதம் பிழைத்தது.

தட்டு ஆறியதும், பழைய காசு ஒன்றால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்பார். அடுக்குகள் ஒட்டியிருந்தால் கணீரென்று ஒலிக்கும், பிரிந்திருந்தால் மந்தமாகக் கேட்கும். சந்தேகம் வந்தால் தட்டை வெட்டியே தீர வேண்டும். "அழகா இருக்குன்னு விட்டுடாதீங்க சார், வெட்டிப் பாருங்க." இதற்காக அவரிடம் திட்டு வாங்காதவர் எங்கள் ஆய்வகத்தில் யாரும் இல்லை.

ஓர் ஐப்பசியில் விடாத மழை. அந்த ஈரக்காற்றில் துணியை உலர்த்தாமல் அடுக்கவே கூடாது. தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி அடுக்குகளைப் பிரித்துவிடும். தீபாவளிக்கு மன்னார்குடி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் உலர்த்தாமலே அடுக்கினேன். விடுமுறை முடிந்து வந்து தட்டை எடுத்தோம். மேடம் தட்டிப் பார்த்து நிமிர்ந்தார்.

"சத்தம் சரியில்லையே. துணி காய வச்சீங்களா?"

"வச்சேன் மேடம்."

நம்பினார். வெட்டாமல் விட்டார். சோதனைச் சுடரில் தட்டு பிளந்துபோனது. அப்போது நான் ஒப்பந்த ஊழியன். வேலையை நீட்டிப்பார்களா என்பதே தட்டு ஏன் பிளந்தது என்று மேடம் எழுதும் அறிக்கையில்தான் இருந்தது. அவரிடம் உண்மையைச் சொன்னேன். அறிக்கைத் தாளை இழுத்து எழுதினார்: 'துணி உலர்த்தப்படவில்லை. நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.'

"மேடம், நீங்க எதுக்கு...?"

"நீங்க பொய் சொன்னீங்க. நான் வெட்டிப் பாக்கல. ரெண்டும் தப்புதான். கையெழுத்துப் போடுங்க."

வேலை நிலைத்தது. அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை. தீபாவளி நெருங்கினால் மட்டும், "பஸ் எத்தனை மணிக்கு சார்?" என்பார்.

அவர் ஊரான தரங்கம்பாடியில் அடக்கம் முடிந்ததும் அவர் கணவர் அந்தக் காசை என் கையில் வைத்தார். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்தேன். செவ்வாய்க்கிழமைத் தட்டு மேசையிலேயே கிடந்தது. மாலைக்குள் அனுப்ப வேண்டியது. தட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் மட்டும் மந்தமான சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது, அனுப்பியிருக்கலாம். வெட்டினேன். உள்ளே காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் காசும், வெட்டிப் பார்க்கும் துணிச்சலும்தான். அறிக்கை எழுத உட்கார்ந்தேன். கை பதினோரு வருடப் பழக்கத்தில் 'நாங்கள் இருவரும்' என்று தொடங்கிவிட்டது. அடித்துவிட்டு 'நான்' என்று எழுதினேன். அப்போதுதான் அழுகை வந்தது.