கதவில்லாத ஹாலுக்குக் குடிபோனோம்

தெலுங்கு பேசும் தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் நிர்வாகப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது, எங்கள் பழைய கட்டடத்தின் கூரை ஒழுக ஆரம்பித்தது. ஒவ்வொரு மழைக்கும் ஓர் அறையில் புதிதாக வாளி வைத்தோம். வைக்க வாளி இல்லாமல் போன பிறகுதான் டைரக்டர் முடிவெடுத்தார். நிர்வாகப் பிரிவு மொத்தமும் புதுக் கட்டடத்துக்குப் போகவேண்டும். அங்கே அறைகள் கிடையாது. ஒரே ஹால். சுவரில்லை, தடுப்பில்லை, கதவில்லை.

"எல்லாரையும் மனசளவுல தயார் பண்ணுங்க மேடம். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார் என்னிடம். வீட்டில் நான் ஏதாவது சொன்னால் என் மகள் "சரே அம்மா" என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வாள் என்பது அவருக்குத் தெரியாது.

மற்றவர்களைத் தயார் செய்ய முதலில் எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வந்திருந்தவர் புழு கூட்டுக்குள் போய் வண்ணத்துப்பூச்சியாக வருவதைத் திரையில் போட்டுக் காட்டினார். அந்தப் படத்தையே நான் எங்கள் ஆட்களுக்கும் காட்டி, மாற்றம் என்பது இப்படித்தான் என்று உருக்கமாகப் பேசினேன். பேசி முடித்ததும் பர்சேஸ் பிரிவு சூப்பரின்டெண்ட் கையைத் தூக்கினார். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்த முஸ்லிம் பெண்மணி. எங்களுக்கெல்லாம் அக்கா. ஆமாமுக்கு 'ஹவ்', ஏனுக்கு 'கைக்கு', வேண்டாமுக்கு 'நக்கோ' என்று அவர் தமிழில் உருதுவும் கலந்து வரும்.

"ஹவ் மேடம், எல்லாம் சரி. அந்தப் புழுவுக்குக்கூட உள்ளே தனி ரூம் இருக்குதே. நம்மளுக்கு மட்டும் கைக்கு இல்லே?"

அதைத் தெலுங்கிலும் ஒருமுறை சொன்னார். கூட்டம் அதோடு கலைந்தது.

அதன் பிறகு நான் பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொருவர் மேசைக்கும் போய், "இந்த ரூம்ல செய்யற எதை அங்க செய்ய முடியாது?" என்று கேட்டேன். முதலில் எல்லாரும் ரகசிய வேலை இருக்கிறது என்றார்கள். டீ வரவழைத்த பிறகு நிஜம் வந்தது. ஒருவருக்கு மதியம் எதிர் நாற்காலியில் காலை நீட்டவேண்டும். இன்னொருவருக்கு மேசை டிராயரில் ஆவக்காய் ஊறுகாய் வைத்திருக்கவேண்டும். அக்காவுக்குத் தொழ ஒரு மூலை வேண்டும். எதுவும் தீர்க்கமுடியாத பிரச்சினை இல்லை. எல்லாரையும் ஹாலுக்கு அழைத்துப்போய், அவரவர் இடத்தை அவரவரே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பிடிக்காத இடத்துக்காக யாரும் அடித்துக்கொள்வதில்லை.

கணக்கு அதிகாரி மட்டும் ஹாலை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். செக்கில் கையெழுத்து கோணலாக இருந்தால் விஞ்ஞானிகளையே நிற்கவைத்து விரட்டுவார். அவர் அறைக்குள் போகுமுன் எல்லாரும் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுக்கொள்வோம். "கணக்கு வேலைக்குக் கதவு வேணுமுங்க மேடம்" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

நாங்கள் குடிபோன அன்றும் அவர் வரவில்லை. பழைய கட்டடத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். மதியம் போய்ப் பார்த்தேன். வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஓர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவருடைய போன் அடித்தது. அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் எடுத்தார். அந்த அமைதியில் மறுமுனையில் அவர் மனைவி பேசியது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, நான் உங்களை என்ன வாங்கியாரச் சொன்னனுங்க? முளைக்கீரை சொன்னனுங்களா இல்லீங்களா? பைக்குள்ள என்ன இருக்குதுன்னு உங்களுக்காச்சும் தெரியுங்களா?"

ஒரு மனிதரை அவ்வளவு மரியாதையாகத் திட்டமுடியும் என்பதை அன்றுதான் அறிந்தேன். விஞ்ஞானிகளை விரட்டிய குரல், "தப்புதானுங் கண்ணு, பச்சையா இருந்துச்சுங்" என்று கெஞ்சியது. போனை வைத்துவிட்டு மேசையைப் பார்த்தபடி சொன்னார்:

"தெனமும் இந்நேரத்துக்குக் கூப்புடும், அம்மிணி. அத்தனை பேரு முன்னால இதை எப்படிப் பேசறது?"

மேடம் அம்மிணியானதில் எனக்கும் மனம் இளகியது. ஹாலை ஒட்டித் துடைப்பமும் பினாயிலும் வைக்க ஒரு சின்ன அறை கட்டியிருந்தார்கள். அதைக் காலிசெய்து கழுவி, ஒரு நாற்காலி போட்டு, கதவில் 'போன் பேசும் அறை' என்று ஒட்டினேன். தொழுகை நேரத்தில் அது அக்காவுக்கு. மறுநாள் கணக்கு அதிகாரி தன் பேனா ஸ்டாண்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தார்.

மதியம் அவர் போன் அடித்தது. எழுந்து ஓடினார். போன் அறைக்குள் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் தன் வருங்கால மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். அது சீக்கிரம் முடிகிற பேச்சில்லை. கதவைத் தட்டியும் பார்த்த கணக்கு அதிகாரி, பதற்றத்தில் எதையோ அழுத்தினார். ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

"ஏனுங்க, மறுக்காவும் கோங்கூராவே வாங்கியாந்திருக்கீங்களே! இது என்னத்துக்குங்க ஆகும்?"

ஹாலில் எல்லாத் தலையும் திரும்பியது. பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தெலுங்குக்காரர்கள் உயிரை விடும் புளிச்சகீரைக்குப் பெயரான கோங்கூரா என்ற சொல் புரியாதவர் அங்கே யாருமில்லை. குண்டூர்க்காரரான ஸ்டோர்ஸ் அதிகாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோங்கூராவைப் பற்றி யார் என்ன சொன்னது என்று தெலுங்கில் கேட்டார். யாரோ மொழிபெயர்த்தார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. அதற்குள் அக்கா போனருகே போய்க் குனிந்தார்.

"அக்கா, உங்களுக்கு வேணாம்னா கீழே போட நக்கோ. சாரு கையில குடுத்து விடுங்க. நான் மட்டன்ல போட்டுக்கறேன்."

மறுமுனையில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "யாருங்க அது?" என்று குரல் குழைந்து வந்தது. "மட்டன்ல போட்டா நல்லாருக்குமுங்களா?"

கணக்கு அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஸ்டோர்ஸ் அதிகாரி பருப்போடு சேர்த்துக் கடையும் விதத்தைப் போனில் கத்திச் சொன்னார். நான் தமிழாக்கினேன். மறுமுனையில் அந்த அம்மா எல்லாவற்றையும் இரண்டிரண்டு தடவை கேட்டுக்கொண்டார். கண்ணைத் திறந்து பார்த்த கணக்கு அதிகாரி, யாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று கண்டு, மெதுவாக உட்கார்ந்தார். அடுத்த நாளிலிருந்து அவர் தம் இடத்திலேயே உட்கார்ந்து பேசினார். அவர் மனைவி அவரை விசாரித்த பிறகு, "அந்த மட்டன் அம்மிணி இருக்குதுங்களா?" என்றும் கேட்பார்.

மழைக்காலம் முடியுமுன் டைரக்டர் வந்து ஹாலைச் சுற்றிப் பார்த்தார். எல்லாரையும் எப்படி ஒன்றாகச் சேர்த்தீர்கள் என்று மகிழ்ந்துபோய்க் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் போன கையோடு கணக்கு அதிகாரி என் மேசைக்கு வந்தார். அவருக்குப் பின்னால் அக்கா, ஸ்டோர்ஸ் அதிகாரி, டைப்பிஸ்ட், மொத்த ஹால்.

"ஏசி ரொம்பக் குளிருதுங்க மேடம்" என்றார். "நாங்க எல்லாருஞ் சேந்து முடிவு பண்ணிட்டமுங்க. நாளைக்கு யாரும் சீட்ல உக்கார்றதா இல்லீங்."