முப்பது கோழிக்கூடுகள்

1. பன்னிரண்டில் இரண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டீன் ஒரு ஹேண்ட்புக்கை என் கையில் கொடுத்து, "இதுதான் இனிமே உங்க வேதம்" என்றார். மலேசியாவில், சிரம்பானுக்கு வெளியே இருந்த ஒரு தனியார் கல்லூரி. கட்டடக்கலை மாஸ்டர்ஸ் பிரிவில் பதிவு அலுவலர் வேலை. யார் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எது குறைந்தால் பட்டம் நின்றுபோகும் என்று பார்த்துச் சொல்லிப் பதிவது என் பொறுப்பு. என் அப்பா கெமாஸ் பக்கத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை. வேலையாட்களுக்குப் பேர் போட்டார். நான் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து மாணவர்களுக்குப் பேர் போட்டேன். ஒரு தலைமுறையில் எங்கள் குடும்பம் கண்ட முன்னேற்றம் அவ்வளவுதான்.

ஸ்டூடியோ, கட்டுமானத் தொழில்நுட்பம், ஆய்வேடு எல்லாம் கோர் பாடங்கள். அவற்றில் பேச்சுக்கே இடமில்லை. எலெக்டிவ் பக்கம்தான் அழகு. பன்னிரண்டு பாடங்களைப் போட்டு, விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதியிருக்கும். இரண்டுக்குத்தான் விரிவுரையாளர் இருந்தார். மற்ற பத்தும் கல்யாணப் பத்திரிகையின் அடியில் வரும் சொந்தக்காரர் பெயர்களைப் போல, இடத்தை நிரப்ப.

அந்த இரண்டிலும் 'தோட்டக் குடியிருப்பு ஆய்வு' என்பதை எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும். விருப்பப் பாடம் எப்படிக் கட்டாயமாகும் என்று நான் பணி ஓய்வு பெறும்வரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2. விதி பதினான்கு

நான் சேர்ந்து பல வருடங்கள் கழித்துப் படிக்க வந்த யோகேஸ்வரி, பகாவ் பக்கத்துத் தோட்டத்துப் பெண். கடைசி செமஸ்டர், பாக்கி இருந்தது இந்த எலெக்டிவ் ஒன்றுதான். சிரம்பானில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகம் அவளுக்காக ஓர் இடத்தை வைத்திருந்தது. அந்த செமஸ்டரில் முடித்தால் வேலை, இல்லாவிட்டால் வேறு ஆள். நான்தான் பேரைப் பதிந்து, "கவலப்படாதம்மா, முடிஞ்ச மாதிரிதான்" என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம், பாடத்தை நடத்திய டாக்டர் நிர்மலா அந்த வருடம் ஆய்வு செய்யப் போகும் தோட்டத்தின் பெயரை அறிவித்தார். யோகேஸ்வரி சந்தோஷமாகக் கையைத் தூக்கியிருக்கிறாள்.

"மேடம், அது எங்க தோட்டம்! மூணாவது லயத்துலதான் எங்க வீடு."

மறுநாள் காலை டாக்டர் நிர்மலா என் மேசை முன்னால் நின்றார். "விதி பதினாலு படிச்சீங்களா? ஆய்வு இடத்தோட மாணவருக்கு முன்தொடர்பு இருக்கக் கூடாது. நடுநிலை கெட்டுடும்."

அத்தனை வருடங்களாக அந்தப் புத்தகத்தைப் புரட்டியவன் நான். அந்த வரியை ஒருநாளும் கவனித்ததில்லை. டீனிடம் ஓடினேன்.

"ரூல் ரூல்தான்லா. அடுத்த செமஸ்டர் வேற சைட்டு எடுத்துக்கட்டும்."

"அதுக்குள்ள வேலை போயிடும் சார்."

"அது ஹேண்ட்புக்ல இல்லியே."

வெளியே காத்திருந்த யோகேஸ்வரி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "தோட்டத்தப் பத்தி எல்லாரும் படிக்கலாம், தோட்டத்துல பொறந்தவ மட்டும் படிக்கக் கூடாதா சார்?" என்றாள். மனமிரங்கிய டாக்டர் நிர்மலா, பேரை உடனே எடுக்காமல், வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்க மட்டும் அனுமதித்தார்.

3. அடுப்பில்லாத பண்பாடு

மற்ற நான்கு மாணவர்களும் டேப், லேசர் மீட்டர், டிரோன் சகிதம் போய் மூன்று நாள் அளந்து வந்தார்கள். வரைபடங்களைச் சுவரில் ஒட்டி விமர்சிக்கும் 'கிரிட்' அன்று, வருகைத் தாளில் கையெழுத்து வாங்க நானும் போயிருந்தேன். லயம் என்ற வரிசைக் குடியிருப்பு மூன்று, லயத்துக்குப் பத்து வீடு. படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன.

"முக்கியமான கண்டுபிடிப்பு இது" என்றார் டாக்டர் நிர்மலா. "முப்பது வீட்லயும் சமையலறையே இல்ல. இது ஒரு கூட்டுச் சமையல் பண்பாடு."

ஒரு மாணவர் அதற்கென்று கண்ணாடியில் ஒரு பொதுச் சமையல்கூடமே வடிவமைத்திருந்தார். டீன் தலையாட்டினார். இரண்டு வாரத்தில் கோலாலம்பூரிலிருந்து வெளித்தேர்வாளர் வருகிறார்; காட்ட நல்ல சரக்கு கிடைத்த திருப்தி அவருக்கு.

யோகேஸ்வரி எழுந்தாள். "மேடம், நேத்துகூட எங்கம்மா அடுப்படியிலதானே சாப்பிட்டேன்?"

அவள் அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ம்மா, அளக்க வந்தவங்களுக்கு அடுப்படிய காட்டலியா?"

"எதுக்குக் காட்டணும்? டேப்ப புடிச்சிக்கிட்டு வர்றவன் ஒடைக்கத்தானே வருவான்? மொத நாளே வேல வாங்குற மண்டோர் வந்து சொல்லிட்டாரு. முப்பது வீட்லயும் கான்வாஸ் போட்டு மூடி, செம்பன மட்டைய அடுக்கிட்டோம். ஒரு பையன் வந்து கோழிக்கூடா ஆண்ட்டின்னு கேட்டான். ஆமாய்யான்னு சொல்லிட்டேன். நல்ல புள்ள, எழுதிக்கிட்டான்."

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு சின்னச் சதுரம், பக்கத்தில் அழகான எழுத்தில் 'கோழிக்கூடு'. முப்பது கூடு. படத்தில் ஒரு கோழிகூட இல்லை என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை.

யோகேஸ்வரிதான் விளக்கினாள். பழைய அடுப்படிகள் பிள்ளைகள் படுக்கும் அறைகளாகிப் பல வருடமாகிறது. புதிய அடுப்படிகளை அவரவரே பின்னால் அனுமதியில்லாமல் கட்டிக்கொண்டார்கள். தோட்ட ஆபீசிலிருந்து அளக்க ஆள் வந்தபோதெல்லாம் ஏதோ ஒன்று இடிபட்டிருக்கிறது.

4. கடைசிப் பக்கம்

மறுபடி அளக்கலாம் என்று நான்கு பேரும் போனார்கள். எல்லா வீட்டிலும் தேநீர் கிடைத்தது. அடுப்படிகளை மறுபடி மூடிய கான்வாஸ் எந்த வீட்டிலும் விலகவில்லை.

அன்று நான் ஹேண்ட்புக்கை முதல் பக்கத்திலிருந்து, இந்த முறை நிஜமாகவே, படித்தேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: பதிவு அலுவலர் எழுத்தில் பரிந்துரைத்தால் எந்த விதியிலிருந்தும் டீன் விலக்கு அளிக்கலாம். அந்தப் பதிவு அலுவலர் நான்தான். வெட்கமாக இருந்தது. கடிதத்தை அடித்துக்கொண்டு போய் டீன் முன்னால் வைத்தேன்.

"வெளித்தேர்வாளர் கோழி எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது சார்?" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

யோகேஸ்வரி ஒரு நிபந்தனை போட்டாள். குடியிருப்பவர்கள் சம்மதிக்காமல் படம் தோட்ட ஆபீசுக்குப் போகக் கூடாது. அதற்கும் டீன் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. சனிக்கிழமை மாலை அவள் லயத்து நடுவில் நின்று, யார் அளக்கிறார்கள், எதற்கு, படம் எங்கே இருக்கும் என்று சொன்னாள். கையெழுத்தையும் காட்டினாள். முதலில் அவள் அம்மா கான்வாஸை இழுத்தார். இருட்டுவதற்குள் முப்பது அடுப்படியும் திறந்துவிட்டன.

அவள் தேர்ச்சி பெற்றாள். சிரம்பான் வேலையும் கிடைத்தது. வெளித்தேர்வாளர் பாராட்டியபோது டீன், "எங்க பாடத்திட்டம் ரொம்ப நெகிழ்வானது" என்றார். அடுத்த பதிப்பில் விதி பதினான்கு அப்படியே இருந்தது. எலெக்டிவ்கள் மட்டும் பதின்மூன்றாயின. புதியதன் பெயர் 'குடியிருப்பாளரோடு உரையாடல்'. அதற்கு விரிவுரையாளர் இல்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஹேண்ட்புக்கைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். அங்கேதான் மனிதர்களுக்கு வழி வைத்திருப்பார்கள். டேப்பை விரிப்பதற்கு முன்னால் எதற்கு வந்தோம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். இரண்டையும் நான் தாமதமாகவே கற்றேன். அதில் ஒரு பெண்ணின் பட்டம் போகப் பார்த்தது.

பட்டமளிப்பு அன்று யோகேஸ்வரியின் அம்மா என்னைத் தேடி வந்தார்.

"நீங்கதானா சார் அந்தக் கடிதம் எழுதினது?"

"ஆமாம்மா."

"ஒருநா வீட்டுக்கு வாங்க சார், அடுப்படியில ஒக்காந்து சாப்பிடலாம்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "டேப்பு மட்டும் கொண்டாராதீங்க."