உபதேசியாரின் இடது கட்டைவிரல்

நண்பர்களே, உங்கள் ஐந்து பேருக்கும் இதையே எழுதுகிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்று காலை வல்லத்தில் உபதேசியார் சவரிமுத்துவை அடக்கம் செய்தோம். கோயிலில் வேதம் சொல்லிக்கொடுத்து, பாதி ஊருக்குக் கடிதமும் எழுதிக்கொடுத்த மனிதர்.

பெட்டியை மூடுமுன் கையில் ஜெபமாலை சுற்ற வேண்டும். அவர் மகள் மேரி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கைய கொஞ்சம் புடிங்க. வெறைச்சுப் போயிருக்குது."

பிடித்தேன். இடது கட்டைவிரலில் மை. யாரோ சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆனாலும் ரேகை இடுக்குகளில் ஊதாவாக நின்றது.

மேரியும் பார்த்துவிட்டாள். "நைனா கையெழுத்துதானேண்ணே போடுவாரு?"

எதிரே நின்ற அவள் அண்ணன் ஆரோக்கியம் ஜெபமாலையை வாங்கி, அந்த விரல் மறையும்படி சுற்றினான்.

"நேரமாவுது. சாமியாரு காத்துனு இருக்காரு."

மத்தியானம் செஞ்சி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நைனா போன வாரமே உயில் வெச்சுட்டாரு. நெலம் பூரா எனக்குத்தான். நீங்க ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

பேனா இல்லை என்றேன்.

சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். மூடியில் பல் பதிந்த பேனா. உபதேசியாருடையது.

அதை வாங்காமல் வழியிலேயே இறங்கி, வெயிலில் செஞ்சிக்கு நடந்தேன். மேரியிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்த விரலின் சில்லிப்பு என் உள்ளங்கையிலேயே இருக்கிறது.

நான் கைநாட்டு வைக்கிறவன் அல்ல; எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். இதற்கு நீங்கள் ஐந்து பேரும் சாட்சி. கடிதம் கிடைத்ததென்று பதில் போடுங்கள். என் வீட்டிலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள்.