ஒன்பதாம் இலக்கக் கேள்வி

"பேரு பவித்ரா. வயசு பத்து. தரம் அஞ்சு. மூணாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா. அம்மா கொழுந்து எடுக்குறாங்க. அப்பா கொழும்புல கடையில வேல. தம்பி ஒருத்தன், வயசு மூணு..."

நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. பேனையின் மூடியைக் கழற்றியிருந்தேன் — அவ்வளவுதான்.

இது நிகழ்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. முடிவு தெரியாமல் எழுத மனம் ஒப்பவில்லை. ஆதலால் இத்தனை வாரமும் இந்தப் பத்தியில் உங்களிடம் வேறு கதைகளைப் பேசிக்கொண்டிருந்தேன். மன்னிக்க வேண்டும்.

இடம், லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பிரதேச செயலகத்தின் மொழிபெயர்ப்பாளர் பிரசவ விடுமுறையில் இருந்தார். நிவாரணப் பகுதி உத்தியோகத்தரான சிங்கள இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற மொழிபெயர்ப்பாளனாகிய என்னைத் துணைக்கு அழைத்துச் சென்றார். பதுளையில் நாற்பது ஆண்டு வாழ்ந்தும் யாழ்ப்பாணத்து நாக்கு மாறாத என்னை!

மழைக்காலத்து ஞாயிறு ஒன்றில் தொழிலாளரின் வரிசை வீடுகளான அந்த லயத்தின் பின்னாலிருந்த மண்மேடு சரிந்தது. பவித்ராவின் அம்மா செல்வராணி அன்று கைக்காசு வேலைக்கு — விடுமுறை நாளில் கிலோக் கணக்கில் கொழுந்து கொய்யும் வேலைக்கு — போயிருந்தார். பிள்ளைக் காம்பரா என்று தோட்டத்தார் சொல்லும் சிறுவர் பராமரிப்பு நிலையம் ஞாயிறன்று திறப்பதில்லை. தம்பி, அக்காவின் பொறுப்பில் இருந்தான். மண் வந்து குசினிச் சுவரைத் தள்ளியபோது அவன் உள்ளே. கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், எலும்பு பொருந்திற்று. இப்போது கோழியைக் கண்டால் துரத்தப் பாய்கிறான்.

ஓட்டம் நின்றுபோனது அக்காவுக்குத்தான். அன்று தொட்டு அவள் தம்பியின் கையை விடுவதில்லை. பள்ளிக்கூடம் போவதில்லை. அவனைப் பிள்ளைக் காம்பராவில் விட்டால், அதன் வாசற்படியில் தானும் மாலைவரை உட்கார்ந்துவிடுகிறாள்.

இவ்வளவையும் அவளே சொன்னாள். தடுமாற்றமில்லை. கண்ணீருமில்லை.

"நல்ல தெளிவாச் சொல்லுறீர், பிள்ளை!" என்று பாராட்டினேன். சொற்றெளிவைக் கண்டால் பாராட்டிவிடுவது என் பழக்கதோஷம்.

செல்வராணி என்னைப் பார்த்தார். "ஆறாவது தடவ சொல்லுது சார். பாடமாயிருச்சு."

ஆறு! எங்களுக்கு முன் யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். கிராம உத்தியோகத்தர் வந்தாராம். சிறுவர் உரிமை உத்தியோகத்தர் வந்தாராம். பாடசாலையின் ஆலோசனை ஆசிரியை, பொலிஸ் சிறுவர் பிரிவு, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர்... எல்லாரும் நல்லவர்கள். ஆலோசனை ஆசிரியை கலர் பென்சில் பெட்டி கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு வருகைக்கும் லயமே வாசலில் கூடி நிற்கும். "யாரு வந்துருக்கா? எதுக்கு? அந்தப் புள்ளைக்கா?"

"ஒவ்வொரு தடவயும் மலையிலருந்து எறங்கி வரணும். எனக்கு அன்னைக்கு அரைப் பேருதான்" என்றார் அம்மா. அரை நாள் வேலையே பதிவாகும் என்பது பொருள்.

நிவாரண இளைஞர் மெல்ல நினைவூட்டினார், ஒன்பதாம் கேள்வி எஞ்சியிருக்கிறது என்று. படிவத்தைப் பார்த்தேன்.

'அனர்த்தம் நிகழ்ந்த வேளையில் பிள்ளை எவ்விடத்தில் இருந்தது?'

அது என்னுடைய தமிழ்! பல்லாண்டுகளுக்கு முன் நானே பெயர்த்த படிவம். 'எவ்விடத்தில்' என்ற சொல்லமைதியில் எனக்குச் சிறு பெருமையும் இருந்தது. அதையே சற்று எளிதாக்கிக் கேட்டேன்.

"அந்த நேரம் நீர் எங்க நிண்டனீர், பிள்ளை?"

"வெளிய. மழ வந்துச்சு. துணி எடுக்கப் போயிருந்தேன்."

சொல்லிவிட்டு என் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் கடைசியா இதத்தான் கேக்குறாங்க. தம்பிய விட்டுட்டுப் போனது தப்புன்னு அதுல எழுதிருக்கா சார்?"

'இல்லை' என்றேன். அவள் நம்பவில்லை. ஆறு பேர் கேட்ட கேள்வியை ஒருவரின் 'இல்லை' அழித்துவிடுமா?

அவரவர் படிவத்தில் அவரவர் சொல்லில் அதே வினா. கேட்பவருக்கு அது ஒரு விவரம். ஆறாம் முறை கேட்கும் குழந்தைக்கு அது தீர்ப்பு. நம் அலுவலகங்களில் கருணைக்குப் பஞ்சமில்லை, அன்பர்களே. ஒரு மேசைக் கருணைக்கு அடுத்த மேசைக் கருணையைத் தெரியாது — அதுதான் குறை.

அடுத்த வாரம் செயலகத்தில் கூட்டம். இளைஞர்தான் வற்புறுத்திக் கூட்டினார். செல்வராணியும் வந்திருந்ததால் மொழிபெயர்க்க நானும் போனேன். தலைமை வகித்தவர் ஒரு யோசனை சொன்னார்: எல்லாரும் தனித்தனியே போவதால்தானே சிக்கல்? வரும் செவ்வாய்க்கிழமை பிள்ளையை இங்கே அழைத்து வந்தால் ஒரே தடவையில் எல்லாரும் கேட்டுவிடலாம். ஒருங்கிணைப்பு!

தலைகள் அசைந்தன. என் தலையும் அரைவாசி அசைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மேசையின் கோடியில், குடும்பநல மாது ஒருவர் இருந்தார். தோட்டத்தில் அவரை மிட்வைஃப் மிஸ் என்பார்கள். சிங்களவர். லயம் லயமாக ஏறி இறங்கிக் கற்ற தமிழ் அவருடையது. அம்மாவுக்கும் விளங்கட்டும் என்று அத்தமிழிலேயே பேசினார்.

"ஒவ்வொருத்தரா கேட்டது பத்தலயா சார்? இப்ப எல்லாரும் ரவுண்டா குந்திக்கிட்டு கேக்கப் போறீங்களா? அந்தப் புள்ள என்ன, கள்ளனா?"

நான் சிங்களத்தில் பெயர்த்தேன். ஒரு சொல்லையும் மென்மையாக்கவில்லை.

ஆலோசனை ஆசிரியை தம் கோப்பைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். அடுத்தவர் தம்முடையதை வைத்தார். ஆறு தாள்களிலும் ஒரே கதை, ஏறக்குறைய ஒரே சொற்களில்! இனி யாருக்கு விவரம் வேண்டுமானாலும் இக்கோப்பைப் படிப்பது, பிள்ளையைக் கேட்பதில்லை என்று முடிவாயிற்று. போய்வருவது மிட்வைஃப் மிஸ் மட்டும். அதுவும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் நாளில். அன்று எல்லாத் தாய்மாரும் வருவார்கள், யாரும் 'எதுக்கு?' என்று கேட்கமாட்டார்கள். மனநல மருத்துவரும் அன்றே வந்து ஒரு பாயில் இருந்துகொள்வார். தாயின் அரைப் பேரை வெட்டாமலிருக்கத் தோட்டத்தில் பேசுவது நலன்புரி உத்தியோகத்தர் பொறுப்பு.

ஒன்பதாம் கேள்வியை நீக்க முடியுமா என்று கேட்டேன். படிவம் கொழும்பிலிருந்து வருவது, நம்மால் இயலாது என்றார்கள். சரி, கோப்பின் மேலட்டையில் ஓர் அறிவித்தலாவது எழுதுவோம் என்று தொடங்கினேன்: 'இப்பிள்ளையிடம் மேற்படி விடயந் தொடர்பில் மீள வினவுதல்...'

மிஸ் எட்டிப் பார்த்தார். "சார், 'கேட்டாச்சு, இனி கேக்காதீங்க'ன்னு எழுதுங்க."

எழுதினேன்.

சென்ற வாரம் நிறை பார்க்கும் நாள். மொழிபெயர்க்க எதுவும் இல்லை; ஆயினும் போனேன். விறாந்தைக் கூரையின் வளையில் தராசு தொங்கிற்று. மிஸ் ஒரு குழந்தையை அதில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் பாயில் அமர்ந்து, இரு சிறுவர்கள் கட்டும் கோபுரத்துக்குக் கட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பவித்ரா வாசற்படியில், தம்பியின் கை அவள் கையில். "இப்ப தம்பிய கொஞ்சம் உள்ள போய் வெளையாட விடுறா. ஆனா கண்ணுக்குத் தெரியணும்" என்றார் மிஸ்.

திடீரென்று தூறல்.

"ஏ, மழ! துணி நனையுது!" — பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காளியம்மாவின் குரல். கொடி கட்டியிருந்தது கட்டடத்தின் பின்னால். குழந்தைகளின் துணிகள் அத்தனையும் அதில். காளியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். எண்ணிச் சொன்னாரா, எண்ணாமற் சொன்னாரா, எனக்குத் தெரியாது.

"தம்பிய எங்கிட்டக் குடு புள்ள. நான் வச்சிருக்கேன். நீ ஓடி எடுத்துட்டு வா."

பவித்ரா அசையவில்லை. மழையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். நான் பதறி எழப் போனேன்.

"சார், குந்துங்க" என்றார் மிஸ், தராசின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. காளியம்மாவின் இடுப்பில் தம்பியை ஏற்றிவிட்டு அவள் ஓடினாள்.

ஒரு நிமிடம் இருக்குமா? எனக்கு நெடுநேரம் போலிருந்தது.

நாடி வரை துணியைக் குவித்து அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முதலில் தேடியது தம்பியை. அவன் காளியம்மாவின் இடுப்பிலேயே, விட்ட இடத்திலேயே, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். எச்சில்பட்ட மீதியை நீட்டினான். "அக்கா, இந்தா."

வாயில் வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு துணிதான் நனஞ்சிருக்கு" என்றாள் காளியம்மாவிடம்.

"அது போதும் தாயீ" என்றார் காளியம்மா. மிஸ் அடுத்த குழந்தையின் பெயரைக் கூப்பிட்டார். மருத்துவர் எதையும் குறிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. எத்தனை பேருடைய ஒத்துழைப்பு வேண்டியிருக்கிறது, ஒரு குழந்தையிடம் எதுவும் கேட்காமலிருக்க!

இந்தத் திங்கட்கிழமை முதல் இடைவேளை மணி அடிக்கும்வரை அவள் வகுப்பில் இருக்கிறாளாம்.

ஒன்பதாம் இலக்கக் கேள்வி படிவத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதற்குரிய விடையை நானே எழுதிவைத்திருக்கிறேன்: பிள்ளை துணி எடுக்கப் போயிருந்தது.

மழை வந்தால் பிள்ளை வேறெங்கே போகும்?