டீக்கடையில் காத்திருக்கும் கமலா

கதை விளையாட்டு எழுதுவதுகூடச் சுலபம். அது என்ன தொழில் என்று அடுத்தவருக்கு விளக்குவதுதான் உயிர் போகிற வேலை. 'என்ன செய்றீங்க?' என்று யாராவது கேட்டால் மென்று விழுங்கும் தொழிலில் நீங்களும் மாட்டியிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கொரு கற்பனை மனிதர். "கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றே?" என்று நான் கேட்பேன். "உடைக்கிறேன்" என்பார் ஒருவர். உடைந்ததா இல்லையா என்று பகடை சொல்லும். இதற்கான விதிகளை எழுதிப் புத்தகமாகப் போட்டு விற்பவன் நான். திங்கள் முதல் சனி வரை கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது வயிற்றுக்காக. இது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம்.

என் விளையாட்டில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை வீடுகள் முதல் மாடி வரை தண்ணீரில் நிற்கின்றன. துறைமுகத்துக்கு வெளியே யாரோ ஒரு பெரிய மதில் கட்டியிருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் ஆட்டம்.

பகடை

காலடிப்பேட்டையில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே ஆடுவோம். வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். பகடை உருளும் சத்தம் கேட்டு ஒருநாள் மேலே வந்தார். சீட்டாட்டக் கும்பலைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற மிடுக்கு நடையிலேயே தெரிந்தது.

அரை மணி நேரம் நின்று பார்த்தார். தண்டையார்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் நசீர், இல்லாத படகில் இருந்துகொண்டு, இல்லாத முதலையிடம், "வாணாம் மாமு, உட்ரு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். வீட்டுக்காரர் மேஜை மேலே பார்த்தார், கீழேயும் குனிந்து பார்த்தார். ஒரு ரூபாய்கூட இல்லை. முகம் வாடிப்போய்ப் படியிறங்கும்போது சொன்னார்: "சூதாட்டம்னாகூட போலீஸ்ல சொல்லலாம். இத்த நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

மூன்று கட்டங்கள்

ஆடுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்போம். அதில் மூன்று கட்டங்கள். கற்பனை ஆளின் பெயர், பலம், பயம். அவ்வளவுதான். இந்த மூன்றில் நிறுத்த எனக்கு இரண்டு வருடம் ஆனது.

அந்தத் தாளை அடிக்க ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்திருந்தேன். கட்டுப் பிரித்துப் பார்த்தால் தாளில் பத்துக் கட்டங்கள். தகப்பனார் பெயர், பின்கோடு, போட்டோ ஒட்ட இடம். டைப் அடித்த அம்மாவிடம் போய் நின்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. என்மேல் பரிதாபம்தான் வந்தது. "நீங்க பாட்டுக்கு ஆதார் நம்பரே கேக்காம அப்ளிகேசன் அடிக்கச் சொன்னா, நாளைக்கு யாரு சார் ஏத்துப்பாங்க? நானே போட்டுக் குடுத்துட்டேன்."

கமலா மூழ்கிய வாரம்

தேவி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஓட்டியவர். நான் வண்டியில் உட்கார்ந்து நசீரிடம் போனில் மதிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். டோல்கேட் வந்ததும் அக்கா திரும்பி, "அந்தாண்ட இன்னா கீது நைனா?" என்றார். "வந்து ஆடினாத்தான் தெரியும்" என்றேன். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு, காக்கிச் சட்டையோடு மாடிக்கு வந்துவிட்டார். அவருடைய ஆளின் பெயர் கப்பல் கமலா. பலம்: எந்தச் சந்திலும் வண்டி விடுவாள். பயம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். "எனுக்கே இல்ல, கமலாவுக்கு எங்கேர்ந்து வரும்?" என்றார்.

ஒரு வாரம் அவர் வரவில்லை. ஆட்டம் நிற்கக் கூடாதே என்று அவருக்குப் பதிலாக நசீர் பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது. கமலா தண்ணீரில் மூழ்கிப்போனாள். செய்தி தெரிந்ததும் அக்கா ஆடிய ஆட்டம் இருக்கிறதே, கீழே வீட்டுக்காரர் டிவியை நிறுத்திவிட்டார். அன்றைக்கே கமலாவை மீட்டுக் கரைசேர்த்தேன். கூடவே ஒரு விதியும் எழுதினேன்: ஆட்டத்துக்கு வராதவரின் ஆள் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், அவரை யாரும் தொடக் கூடாது. அந்த விதி என் சொந்தச் சரக்கில்லை, அக்கா போட்ட சத்தத்திலிருந்து எடுத்தது: "ஸ்டாண்டுல வண்டிய உட்டுட்டு நான் டீ குடிக்கப் போனா, எவனாவது என் வண்டிய எடுப்பானா? நான் வர்ற வரிக்கும் அங்கியேதான நிக்கும்?"

ஞாயிறு மூன்று மணி

அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாங்கள் மதிலுக்குக் கிட்டே போயிருந்த சமயம் அது. கமலாவை டீக்கடையில் உட்கார வைத்தேன்.

ஞாயிறு மூன்று மணி ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். "நீ கேளு நைனா, நான் இங்கேர்ந்தே சொல்றேன். நசீரு எனுக்காகப் பகடைய உருட்டட்டும்." நான் விடவில்லை. "கமலா பத்திரமா இருக்காக்கா. நீங்க எழுந்து வாங்க, சேர்ந்து மதிலைத் தாண்டுவோம்" என்பேன். தைரியம் சொல்வதாக நினைப்பு எனக்கு. அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும் சொன்னேன். வாராவாரம் அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது, என் விதி மட்டும் இறங்கி வரவில்லை. கடைசியாகப் பேசிய ஞாயிறன்று அக்கா சண்டைகூடப் போடவில்லை. "எத்தினி டீ தான் நைனா குடிப்பா அவ? வெளிய அனுப்பேன்."

மூர்த்தி கொண்டுவந்த தாள்

காரியமெல்லாம் முடிந்து அக்காவின் கணவர் மூர்த்தி மாடிக்கு வந்தார். மணலிப் பக்கம் டேங்கர் லாரிகளுக்கு வெல்டிங் செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். ஆஸ்பத்திரிப் பையில் இருந்தது என்று ஒரு தாளை நீட்டினார். கமலாவின் தாள். நான்காய் மடித்து ஓரமெல்லாம் நைந்திருந்தது. பயம் என்ற கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'சும்மா குந்திகினு இருக்கறது.'

நான் அழுதேன். மூர்த்தி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிக்கொடுக்க வேண்டியவன் நான். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தாண்ட இன்னாதான் சார் கீது? அவ கேட்டுகினே இருந்தா" என்றார்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. நான் எழுதவே இல்லை. நாலு வருடமாக யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை. அக்கா எழுந்து வருவதற்குள் எழுதிவிடலாம் என்றுதான் விதியைச் சாக்காக வைத்து நாளைக் கடத்தினேன். சாகக் கிடந்தவரிடம் 'எனக்கும் தெரியாதுக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இதை அப்படியே மூர்த்தியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் தாளைத் திரும்ப வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேட்டிருந்தா அவளே சொல்லிருப்பாளே சார். ஆஸ்பத்திரில படுத்துகினு தெனிக்கும் ஒண்ணு சொல்லிகினு இருந்தா."

பதினோராம் பக்கம்

அக்கா தினமும் சொன்னவற்றில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. மூர்த்திக்கும் சொல்ல வரவில்லை. "அவ சொல்ற மாதிரி வராது சார்" என்பார். புத்தகத்தில் மதிலுக்கு அந்தப் பக்கத்தை ஆடுகிறவர்களிடமே விட்டுவிட்டேன். மதிலைத் தாண்டியதும் ஆட்டத்தை நடத்துபவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அங்கே என்ன இருக்கிறது என்று ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். பதினோராம் பக்கத்திலிருந்த டீக்கடை விதியையும் மாற்றினேன். இப்போது அது இப்படி: 'ஒருவர் வரவில்லை என்றால் அவருக்குப் போன் போடுங்கள். தன் ஆள் என்ன செய்கிறார் என்று அவரே சொல்லட்டும்.'

போன மாதம் ஒரு கல்லூரி மைதானத்தில் ஸ்டால் போட்டிருந்தோம். நசீர் சில்லறை தேடப் போயிருந்தான். ஒரு மாணவி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வந்து பதினோராம் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு விதியிலும் ஓட்டை தேடுகிற நல்ல ஆட்டக்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, போன் பண்ணி, அவங்க எடுக்கலன்னா?"

பூட்டிய கதவுக்கும் கவிழும் படகுக்கும் பசித்த முதலைக்கும் விதி எழுதி வைத்திருக்கும் நான், "அதை அடுத்த பதிப்புல சேர்த்துடறேன்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்டாலை அப்படியே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.