உப்பு போறுமா, ராஜம்?

போன மாசம் ரத்தப் பரிசோதனைக்காக லேபில் காத்திருந்தேன். வெறும் வயிறு, காப்பி இல்லை. அந்த நேரத்தில் என்னிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் தங்கள் தலையெழுத்தை அனுபவிக்க வேண்டியதுதான். பக்கத்து நாற்காலியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த களையோடு ஒரு பெண். "லித்தியம் லெவல் நோக்கான் வந்நதா. கழிஞ்ஞா நேரே ஆபீஸிலேக்கு வராம்" என்று போனில் யாரிடமோ சொன்னாள். லித்தியம் அளவு பார்க்க வந்திருக்கிறாளாம், முடிந்ததும் நேரே ஆபீஸாம். கத்தரிக்காய் வாங்க வந்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். குரலைத் தாழ்த்தவில்லை, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்குத்தான் திக்கென்றது. லித்தியம் என்கிற அந்த மாத்திரையின் பேரை எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். "கொழந்தே, சாப்பாட்டுல உப்பு சரியா சேத்துக்கறயோ?" என்று கேட்க வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறை, குறை என்று டாக்டரிடம் திட்டு வாங்கும் கிழவி ஊரார் உப்பை விசாரிக்கக் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

வலியசாலையில், மலையாள தேசத்துத் தமிழ்த் தெரு ஒன்றில், எங்கள் வீடு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். யார் வீட்டில் எரிசேரி, யார் வீட்டில் வெறும் மொளகூட்டல் என்பதெல்லாம் மூக்குக்கே தெரியும். அப்படி ஒரு தெருவில் ஒரு ரகசியத்தை வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று நினைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ரகசியம், ராஜம் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் மரமண்டைக்குள்ளேயே பின்னங்களை ஏற்றியவள் என்றால் அவள் திறமையைத் தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனால் அவளுக்கு மனசு ஒரே மட்டத்தில் நிற்காது. சில மாசம் ஏறும். ஏறினால் தூக்கம் இல்லை, ஓயாத பேச்சு, பாட்டு, திட்டத்துக்கு மேல் திட்டம். பிறகு இறங்கும். இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். தலை வாரமாட்டாள். தட்டில் வைத்த சோறு காய்ந்து கிடக்கும். வெளியில் யார் கேட்டாலும் "ராஜத்துக்கு ஒடம்பு சொகமில்லை" என்ற ஒரே வரிதான். இப்படி மூடி மறைத்ததற்குக் காரணம் நான். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறாளே, தெரிந்தால் யார் எடுப்பார்கள் என்று பயம். எனக்குக் கல்யாணம் தள்ளிப்போனது என்னவோ என் வாயால்தான் என்பதைப் பிற்பாடு எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஏறியிருந்த காலங்களில் ஒன்றை மட்டும் எங்கள் தெரு கடைசிவரை கொண்டாடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை ஒரு வேனைக் கொண்டுவந்து தெருவில் நிறுத்தி, "எல்லாரும் ஏறுங்கோ, கல்லாத்துக்குப் போறோம்!" என்றாள். அடுப்பில் பால் வைத்தவர்கள் இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். வித்துராச் சந்தையில் வண்டியை நிறுத்தி, கண்ணில் பட்ட பழக்குலைகளையெல்லாம் வாங்கி ஏற்றினாள். கல்லாற்றில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே அந்தக் குளிர்ந்த தண்ணீரில் பட்டுப்புடவை மாமிகள் முழங்கால் வரை இறங்கிக் குழந்தைகளைப் போலத் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மேலே அத்தையின் சிரிப்புக் கேட்டது. என் ஆயுசில் அதைவிட சந்தோஷமான நாள் எனக்கு வாய்க்கவில்லை.

வெகுநாள் கழித்து அத்தை என்னிடம் கேட்டாள், "அன்னிக்கு கல்லாத்துல சிரிச்சது நானா, வியாதியாடீ?"

"தண்ணி அத்தனை ஜில்லுனு இருந்தா யாரானாலும் சிரிப்பா அத்தை" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.

அந்தக் கல்லாற்றுக்குப் பின்னால் வந்த இறக்கம்தான் பயங்கரமானது. பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு. அப்பா அத்தையை மனநல டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் மலையாளி, மதுரையில் படித்தவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் கொடுத்த மாத்திரைதான் லித்தியம். மெல்ல மெல்ல அத்தை திரும்பி வந்தாள். காலையில் எழுந்து குளித்தாள், பின்னல் போட்டுக்கொண்டாள், எதிர்வீட்டுப் பூனையைத் திட்டினாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வேலையில் சேரலாம் என்று டாக்டர் சொன்னபோது வீட்டுக்கே உயிர் வந்தது. நான் அப்போதுதான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். "ரெண்டு பேரும் சேந்தே எறங்கலாம், ஜங்ஷன் வரைக்கும் துணையாச்சு" என்றாள் அத்தை.

இங்கே எங்கள் வீட்டு நிர்வாக முறையைச் சொல்லியாக வேண்டும். டாக்டர், மாத்திரை, பாங்கு எல்லாம் அப்பா இலாகா. அடுக்களை, விரதம், நேர்த்திக்கடன் எல்லாம் அம்மா இலாகா. ஒரு இலாகாவின் காரியம் இன்னொன்றுக்குப் போகாது. அப்பா அடுக்களை வாசற்படியைத் தாண்டி நான் பார்த்ததில்லை. அம்மா டாக்டர் முகத்தைப் பார்த்ததில்லை.

சித்திரை விஷு கழிந்ததும் அம்மா அம்பாளுக்கு நேர்ந்துகொண்டாள். ராஜம் நல்லபடியாக வேலையில் சேரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவது என்று. அம்மாவின் கை உப்புக்குத் தெருவிலேயே பேர். ஸ்வாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் எல்லாம் கையளவும் வாசனையும்தான், ஒரு நாளும் பிசகாது. அந்தக் கையால் அம்மா தனக்கு மட்டும் உப்பில்லாமல் எடுத்து வைத்துக்கொண்டாள். அத்தை கண்டுபிடித்துவிட்டாள்.

"கொள்ளாமே மன்னி, நன்னாயிருக்கு நியாயம்! எனக்காக நீங்க சப்புனு சாப்பிடுவேள், நான் எதுத்தாப்ல உக்காந்துண்டு உப்பு மாங்காயைக் கடிச்சுக்கணுமோ? நானும் உண்டு."

நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது. அதனால் அப்பாவுக்கு மூச்சு விடவில்லை. அவருக்கு வழக்கம்போல உப்புப் போட்ட சாம்பார். மன்னியும் நாத்தனாரும் மட்டும் சப்பென்ற சோற்றை விழுங்கி, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

வெயிலான வெயில் அந்த வருஷம். மே பாதியில் அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டம்ளர் டபராவில் மோதிச் சத்தம் போடும். ஒத்திகைக்காக வீட்டுக் கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பாள்; எழுத்து புழு மாதிரி நெளிந்தது. பிறகு வாந்தி. நாக்குத் தடித்து வார்த்தை குழறியது. "மறுபடி ஆரம்பிச்சுடுத்து" என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். லீவை நீட்டிக் கேட்கலாம் என்றார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணா, வேண்டாம். இந்தத் தடவையும் லீவுன்னா வேலை போயிடும். அப்புறம் நான் டீச்சர் இல்லை, வெறும் பைத்தியம்."

வேளை தவறாமல் மாத்திரையை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். அம்மா நேர்த்தியை இன்னும் இறுக்கி, மோரிலும் உப்பை நிறுத்தினாள். அவரவர் இலாகாவில் அவரவர் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தார்கள், கேட்டேளா! ஒரு நாள் காலையில் அத்தையால் நிற்க முடியவில்லை. என்னைப் பார்த்து "மன்னி" என்று கூப்பிட்டாள். டாக்ஸியில் தூக்கி வைத்தபோது அம்மாவின் கையை விடவே மாட்டேன் என்றாள். அப்படித்தான் அம்மா முதல் தடவையாக அந்த டாக்டரின் அறைக்குள் போனாள்.

டாக்டர் கண்ணைப் பார்த்தார், கையை நீட்டச் சொன்னார். "சாப்பாட்டுல வல்ல மாற்றமும் உண்டோ, ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். அப்பா "ஒண்ணுமில்லை" என்றார். அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். சொன்னால் நேர்த்தி போச்சு. அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

"உப்பு சேக்கறதில்லை, டாக்டர். இவளுக்காக நேந்துண்டது" என்றாள்.

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சாரே, ஞான் அன்னே பறஞ்ஞதல்லே, உப்பு குறைக்கப் பிடாதுன்னு? தண்ணி நல்லா குடிக்கணும்னு?"

"பறஞ்சேள்... அடுக்களைக் காரியமாச்சேன்னு..." என்று அப்பா இழுத்தார்.

இந்த மருந்தும் ஒருவகை உப்புதான் என்று டாக்டர் அம்மாவிடம் விளக்கினார். உடம்பில் உப்புக் குறைந்தால் சிறுநீரகம் இதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறி ஏறி விஷமாகிவிடும், இன்னும் தாமதித்திருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டாள் என்றார். வெளியே வந்து அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு, "என் கையாலேயே வெஷம் வெச்சுட்டேனே" என்று அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, மாத்திரையை நிறுத்தி, நாக்குத் திரும்பிய பிறகு அத்தை சொன்ன முதல் முழு வாக்கியம் இது: "மன்னி, நீங்க பண்ணினதுலயே இதாக்கும் மகா மோசமான சமையல்."

வீடு திரும்பிய மறுநாள் அப்பா அடுக்களைக்குள் நுழைந்தார். நேரே சாம்பார்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டினார்.

"ஐயோ, ஸ்வாமிக்கு இன்னும் காட்டலை!" என்று அம்மா பதறினாள்.

"ஸ்வாமிகிட்ட நான் சொல்லிக்கறேன். கரண்டியைக் கொடு."

சாகும்வரை அவர் அந்த உப்புப் பார்ப்பதை விடவில்லை. நேர்த்தி முறிந்த தோஷத்துக்கு அம்மா என்ன செய்தாள் தெரியுமா? கோவிலில் உப்பையே காணிக்கையாகக் கொட்டிவிட்டு வந்தாள்.

அடுத்த வீட்டுப் பங்கஜம் மாமி வாசலில் பிடித்துக்கொண்டாள். "என்ன ஆச்சு ராஜத்துக்கு?" என்றாள். அம்மா "பித்தம்" என்று ஆரம்பித்தாள். அத்தை குறுக்கே புகுந்தாள்.

"பித்தம் இல்லை மாமி. நேக்கு மனசுல வியாதி. ஏறும், எறங்கும். அதுக்கு மாத்திரை சாப்பிடறேன். உப்பு விட்டதால செத்துப் பொழைச்சேன்."

மாமி சட்டென்று உள்ளே போனாள். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமி ஒரு கிண்ணத்தில் கண்ணிமாங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்து, "போன வருஷத்தது. உப்புக் கரிக்கறதுன்னு எங்காத்துல ஒருத்தரும் தொடலை. நோக்காக்கும் இது" என்று அத்தை கையில் வைத்தாள்.

எல்லோரும் மாமி இல்லை. டியூஷனுக்குப் பிள்ளையை அனுப்புவதை நிறுத்தியவர்கள் உண்டு. எதிரே வந்தால் ஒதுங்கியவர்களும் உண்டு. ஆனால் அத்தை டாக்டர் சொன்னதற்குச் சற்றுத் தாமதமாக, மழையில் குடை பிடித்துக்கொண்டு, என்னோடு ஜங்ஷன் வரை நடந்து வேலையில் சேர்ந்துவிட்டாள். அதே பள்ளியில்தான் ரிட்டயரும் ஆனாள். அன்றிலிருந்து தெருவில் ஒரு விசாரணை வழக்கமாகிவிட்டது. கோலம் போடும்போது, குளத்துப் படியில், கல்யாணப் பந்தியில், எங்கே பார்த்தாலும் "உப்பு போறுமா, ராஜம்?" என்பார்கள். "போறும் மாமி" என்றால் எல்லாம் சரி. ஒரு தடவை அத்தை மூச்சு விடாமல் எதையெதையோ பேசிக்கொண்டே போக, மாமி நேரே அம்மாவிடம் வந்து, "ராஜத்துக்கு உப்பு கூடியிருக்கு, டாக்டரைப் பாருங்கோ" என்றாள். எந்தச் சோதனைச் சாலையும் அவ்வளவு சீக்கிரம் சொன்னதில்லை. வயசான பிறகு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். உப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் கேள்வி மாறவில்லை.

பிறகு தெரு காலியாக ஆரம்பித்தது. அப்பா போனார், அம்மா போனாள். பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பெற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைசியில் பங்கஜம் மாமியும் வீட்டை விற்றுவிட்டுப் பிள்ளையோடு கிளம்பினாள். அதற்குக் கொஞ்ச நாளுக்குப் பிறகு, வெளியூரில் இருந்த நான் அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். தலை வாராமல் இருந்தாள். ஓலனும் சாதமும் பிசைந்து வைத்தேன். அளைந்துகொண்டே இருந்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், மாமி கேட்பது போலவே, "உப்பு போறுமா அத்தை?" என்று கேட்டேன்.

தட்டைத் தள்ளி வைத்தாள். "போறலைடீ கொழந்தே" என்றாள்.

நான் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் டாக்டரிடம் போனோம். அந்த இறக்கத்தையும் தாண்டி வந்தாள். அதற்குப் பிறகும் நன்றாகவே இருந்து, போன வருஷம் காப்பி குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

இப்போது நான் ஃப்ளாட்டில் இருக்கிறேன், தனியாக. எதிர்ப்புறத்துப் பெண் தங்கமானவள். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "ஆன்டி, ஓகே அல்லே?" என்று கேட்பாள். அவளுக்கு வியாதிகளின் பேரெல்லாம் தெரியும், எதையும் மறைக்காமல் பேசுவாள், நல்ல காலம்தான். "ஓகே மோளே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துகிறேன். எல்லா நாளும் அது நிஜமில்லை. ஆனால் "போறலை" என்று ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமே. தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் பாக்கி.