வெற்றிலை போடாத வாய்

பூமாரிக்குப் பொறுமை கிடையாது. போடிமெட்டுக்குப் பக்கத்தில் அவள் காய் எடுத்த ஏலத் தோட்டத்தில் கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அந்தக் குணத்தைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை.

அவள் புருஷன் சின்னமுத்து, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு எரிப்பவன். புகையில் கிடப்பவன் இருமத்தானே செய்வான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அதையே சொன்னான். நாளுக்கு இரண்டு கட்டு பீடி போவதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மலைக் குளிருக்குப் பீடி மருந்தாம்! ஆண்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட சீட்டு அது. சட்டை தொளதொளத்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. எந்நேரமும் வெற்றிலை மெல்லுகிற ஆள் என்பதால், துப்புவது சிவப்பாக இருப்பதை எவரும் கவனிக்கவில்லை.

1974 கார்த்திகையில் அவன் சபரிமலைக்கு மாலை போட்டான். பீடியும் வெற்றிலையும் நின்றன. பத்தாம் நாள் காலை அவன் இருமித் துப்பியதைப் பூமாரி பார்த்தாள். சிவப்பு.

"வெத்தல போட்டீகளா?"

"விரதத்துல யாராச்சும் போடுவாகளா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. சளியைச் சோதித்துக் காசநோய் இல்லை என்றார்கள். பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்.

டாக்டர் ஒளிக்கவில்லை. "பீடிதான் காரணம். இன்னும் பரவல. இப்பவே அந்தப் பகுதியை அறுத்து எடுத்துட்டா பிழைக்கலாம். பரவிட்டா அறுத்துப் பிரயோசனமில்ல."

சின்னமுத்து மாலையைப் பிடித்துக்கொண்டான். "மலைக்குப் போயிட்டு வந்து படுக்கேன். பாதியில கழத்துனா சாமி குத்தம்."

பூமாரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. அன்றே பஸ் ஏறி மெட்டுக்குத் திரும்பினாள். அவனுக்கு மாலை போட்டுவிட்ட குருசாமியான அப்புசாமியைக் கையோடு கூட்டிவந்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நிறுத்தினாள்.

அப்புசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயப்பன் எங்கயும் ஓடிப் போகலய்யா. நீ இருந்தாத்தான அவரப் பாக்க முடியும்?" சரணம் சொல்லி அவரே மாலையைக் கழற்றினார். மறுவாரம் அறுவை நடந்தது.

தையல் பிரித்து வீடு வந்தபின் அவன் பீடியைத் தொடவில்லை. தொட்டிருந்தால் பூமாரி கையை ஒடித்திருப்பாள். ஸ்டோர் வேலையையும் விட்டு, நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

மூன்றாம் வருடம் சபரிமலைக்குப் போனான். கூட வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருதரம் நின்று நின்று ஏறினான். வீடு திரும்பியவன் நீட்டிய பிரசாதத்தைப் பூமாரி வாங்கவில்லை.

"இருமல் வந்துச்சா?"

"ஒரு தடவகூட வரல."

ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், வாசற்படியிலேயே உட்கார்ந்து சத்தமாக அழுதாள்.